நான்கு மணி நேர விழா, அரை நிமிடக் கிளிப்

சரி, எழுதிவிடுகிறேன். ஒரு வாரத்துக்கும் மேலாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவிலிருந்து நான் போட்ட ஸ்கிரீன்ஷாட் எந்தெந்தப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கெல்லாம் போனது, கீழே யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் விட்டுவிடுங்கள், தேடிப் போய்ப் படிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நேற்று இரவு எங்கள் தேவாலயப் பங்கின் குழுவில் அதே படம் திரும்பவும் வந்தது. "இந்த அசிங்கத்தைத் தூக்கம் விழித்து ரசித்த சகோதரிக்கு ஆண்டவர் நல்ல புத்தி கொடுக்கட்டும்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஜெபத்துக்கு நன்றி. இனி நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

நான் செய்த பாவம் என்ன? 2024 ஜூலை 27 அதிகாலை, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மலேசிய அணி வந்த படகைத் தொலைக்காட்சியிலிருந்து படம் பிடித்து, "கொட்டுகிற மழையிலும் எப்படிக் கையாட்டுகிறார்கள் பாருங்கள்" என்று போட்டேன். படகு. மழை. நம் பிள்ளைகள். இயேசுவின் இறுதி இராவுணவைக் கேலி செய்கிறது என்று எல்லோரும் கொதித்தார்களே, விழாவில் வந்த அந்தக் காட்சியின் நீல நிற மனிதர் என் படத்தில் இல்லை, விருந்து மேசையும் இல்லை. ஆனால் வந்த கருத்துகளில் பத்துக்கு எட்டு அந்த மேசையைப் பற்றித்தான்.

அதனால் ஒரே ஒரு கேள்வி. படகைப் பார்த்தீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். நம் நேரப்படி 1.30க்குத் தொடங்கிய விழா. முடிந்தபோது எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ரொட்டிச்சானாய்க் கடையில் அடுப்புப் பற்றவைத்துவிட்டார்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். தூங்கியதில் தப்பே இல்லை. எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் கைபேசியைத் திறந்து, யாரோ வெட்டி எடுத்துச் சிவப்பு எழுத்தில் தலைப்புப் போட்டு அனுப்பிய அரை நிமிடக் கிளிப்பைப் பார்த்துவிட்டு, நான்கு மணி நேர விழாவுக்கு மொத்தமாகத் தீர்ப்பு எழுதினீர்களே, அதுதான் தப்பு.

"வேலை வெட்டி இல்லாதவர்கள்தான் இதையெல்லாம் முழித்துப் பார்ப்பார்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். ஜூலை 15, திங்கட்கிழமை அதிகாலை 3 மணிக்கு யூரோ கிண்ண இறுதியாட்டம் நடந்தது. அன்றைக்கு மாமாக் சாப்பாட்டுக் கடையில் நாற்காலி கிடைக்கவில்லை என்று படம் போட்டவரும் அதே அண்ணன்தான். ஆண்கள் முழித்தால் விளையாட்டு ஆர்வம். நான் முழித்தால் வேலை வெட்டி இல்லை. புரிந்தது அண்ணே.

நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன். கோடைக்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா அரங்கத்துக்கு வெளியே நடந்தது இதுதான் முதல் முறை. சேன் நதியில் 6 கிலோமீட்டர் தூரத்துக்கு 85 படகுகள். முதலில் கிரேக்கம் வந்தது, வழக்கம்போல. அடுத்தது எந்தப் படகு தெரியுமா? அகதிகள் அணி. சொந்தக் கொடியின் கீழ் வர முடியாத 37 பேர். அவர்களுக்குக் கொடி பிடித்தவர்களில் ஒருவர் சிண்டி ங்காம்பா, கேமரூனில் பிறந்த குத்துச்சண்டை வீராங்கனை. ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை அவர் காலிறுதியில் வென்று அகதிகள் அணிக்கு வரலாற்றில் முதல் பதக்கத்தை உறுதி செய்துவிட்டார். நம் குழுக்களில் அதைப் பற்றி ஒரு வரி வந்ததா? நான் தேடினேன். வரவில்லை. மேசைதான் வந்தது, இன்னொரு கோணத்தில்.

அப்புறம் மழை. அலெக்சாந்தர் கான்தொரோவ் என்ற இளைஞர் மழையில் நனைந்துகொண்டே பியானோ வாசித்தார். கேமரா கிட்டே போனபோது பியானோவின் கறுப்பு மரத்தில் துளித்துளியாகத் தண்ணீர் நின்றது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈபில் கோபுரத்தில் நின்று செலின் டியோன் பாடியதை மட்டும் எல்லோரும் பகிர்ந்தீர்கள். தசைகள் விறைத்துப்போகும் நோயோடு போராடிக்கொண்டு, சில வருட இடைவெளிக்குப் பிறகு அவர் மேடையில் பாடியது அது. சந்தோஷம். ஆனால் அதுவும் உங்களுக்குக் கிளிப்பாகத்தான் வந்தது. நல்ல கிளிப் வந்தால் கண்ணீர், கெட்ட கிளிப் வந்தால் சாபம். யார் எதை வெட்டி அனுப்புகிறார்களோ அதுதான் உங்கள் கருத்து.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன், இல்லாவிட்டால் தப்பி ஓடிவிட்டேன் என்பீர்கள். "இறுதி இராவுணவைக் கேலி செய்தார்களே, நீ ஒரு கத்தோலிக்கப் பெண், உனக்கு வலிக்கவில்லையா?"

வலித்தது. அந்த மேசை வந்தபோது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, எழுந்து போய் ஒரு தேநீர் கலந்து கொண்டுவந்தேன். விழாவை இயக்கிய தோமா ஜோலி, அது ஒலிம்பஸ் கடவுளர்களின் விருந்து, அந்த நீல நிறத்தவர் மது தெய்வமான டயோனிசஸ் என்று விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை நான் முழுசாக நம்பவும் இல்லை. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். பிரெஞ்சு ஆயர் பேரவை கண்டித்தது, வத்திக்கானும் வருத்தம் தெரிவித்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பிரெஞ்சு ஆயர்களின் அறிக்கையை யாராவது முழுசாகப் படித்தீர்களா? அழகும் மகிழ்ச்சியும் நிறைந்த அருமையான தருணங்களை இந்த விழா உலகுக்குக் கொடுத்தது என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. சொந்த ஊரில், சொந்த வேதனையோடு பேசியவர்களுக்கு இரண்டையும் பார்க்கக் கண் இருந்தது. இங்கே கோலாலம்பூரில், செந்தூலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இல்லை. அறிக்கையைக்கூட வெட்டித்தான் அனுப்பினீர்கள்.

மனசு புண்பட்டது என்று ஒரு பாட்டி எழுதியிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். எனக்கு வந்தது அது இல்லை. அந்த மேசை நடுவே நின்ற பெண்ணின் உடம்பைப் பற்றி எழுதினார்கள். பன்றி, யானை என்று எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிறவர்கள் எழுதினார்கள். இதில் நிந்தனை எது, நீங்களே சொல்லுங்கள்.

"தென்கொரியாவை வடகொரியா என்று அறிவித்தார்களே?" அறிவித்தார்கள். வெட்கக்கேடு. அனைத்துலக ஒலிம்பிக் மன்றத் தலைவர் தென்கொரிய அதிபருக்குத் தொலைபேசியில் மன்னிப்புச் சொன்னார். ஒலிம்பிக் கொடியைத் தலைகீழாகவும் ஏற்றினார்கள். கோலாலம்பூரில் நடந்த 2017 சீ போட்டியின் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) நினைவு மலரில் இந்தோனேசியக் கொடியைத் தலைகீழாக அச்சடித்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். விழாவை உங்கள் மாமனாரா நடத்தினார் என்றார். இல்லை. ஆனால் இதே மாதிரி ஒரு விழாவில் நான் ஆடியிருக்கிறேன்.

1998. காமன்வெல்த் போட்டியை ஓர் ஆசிய நாடு, நம் மலேசியா, நடத்தியது அதுதான் முதல் முறை. நான் அப்போது படிவம் நான்கு மாணவி. தொடக்க விழா ஆட்டத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்தும் மாணவிகளை எடுத்தார்கள். முதலில் பள்ளித் திடலில் மத்தியான வெயிலில் பயிற்சி, பிறகு பேருந்தில் ஏற்றிப் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு. நடன ஆசிரியர் ஒலிபெருக்கியில் "உலாங்!" என்று கத்துவார், மறுபடியும் முதலிலிருந்து. ஒரு பிள்ளை கை தூக்கத் தவறினாலும் எல்லோருக்கும் உலாங். பள்ளிக் காலணிக்குப் பூசும் வெள்ளைச் சாயம் மழையில் கரைந்து காலுறை எல்லாம் பிசுபிசுக்கும். இடுப்பில் குத்திய ஊக்கு ஆடும்போது கீறிக்கொண்டே இருக்கும், நடுவில் கையை வைக்க முடியாது. சம்பளம் என்றால், ஆறிப்போன நாசி லெமாக் பொட்டலமும் ஒரு டீசட்டையும். அரங்கத்துக்கு அடியில் இருந்த பாதையில் உட்கார்ந்து நாங்கள் அதைச் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, சம்பல் விரலோடு பக்கத்துப் பிள்ளையின் முடியில் பூ சரிசெய்துவிட்டு திட்டு வாங்கியது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் 11 இரவு ஆடினோம். எங்கோ நடு வரிசையில் நான். வீட்டுக்குப் போய்ச் சேர நடுநிசி தாண்டிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் தொலைக்காட்சி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் காலணியைக்கூடக் கழற்றவில்லை, சித்தப்பா சொன்னார்: "உன்னைத் தேடித் தேடிப் பார்த்தோம், எறும்புக் கூட்டம் மாதிரிதான் தெரிஞ்சுது. இதுக்கா வெயில்ல நின்னு இப்படிக் கறுத்துப் போன? யாரு கட்டிக்குவா உன்ன?" எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

அதனால்தான் சொல்கிறேன். பாரிஸில் ஆடியவர்களில் பலர், விழாவுக்குச் சில நாள் முன்புவரை ஊதிய வேறுபாட்டை எதிர்த்து வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்திருந்தவர்கள். பேச்சுவார்த்தை முடிந்த பிறகுதான் ஆட வந்தார்கள். வந்த அன்றைக்கு மழை. வழுக்கும் கூரைகளில் சில ஆட்டங்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. பயிற்சி எடுத்ததை ஆட முடியாமல் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் பார்க்கவில்லை. படகையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை.

"கருத்துச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?" இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

"அந்தப் படகில் நம்ம ஆளு ஒருத்தராவது இருக்காங்களா? அதுக்குப் போய் ஏன் இந்த ஆட்டம்?" இது இன்னொரு தம்பி. தம்பி, மலேசியாவிலிருந்து பாரிஸுக்குப் போன 26 பேரில் எம். தீனா என்று ஒரு பெண் இருக்கிறார். பூப்பந்து மகளிர் இரட்டையர். பெர்லி தானோடு சேர்ந்து அரையிறுதி வரைக்கும் போய், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பான் இணையிடம் தோற்று நான்காவது இடம். அன்றைக்கு நீயும்தான் "நம்ம பொண்ணு கலக்கிட்டா" என்று போட்டாய். ஜூலை 27ஆம் தேதி அந்தப் பெண் இருக்கிறாரா என்றே உனக்குத் தெரியாது, ஆகஸ்ட் 3ஆம் தேதி நம்ம பொண்ணு ஆகிவிட்டாரா?

நாம் இப்படித்தான். ஜூன் மாதம் அணியின் சட்டை அறிமுகமானபோது சிரித்தோம். அந்தச் சிரிப்பிலாவது ஒரு நியாயம் இருந்தது, சட்டையை மாற்றி அமைத்தார்கள். 2021இல் சுதிர்மான் கிண்ணத்தில் ஆடிய பூப்பந்து வீராங்கனை கிஷோனாவை ஓர் அரசியல்வாதி இனத்தைச் சொல்லி இழிவாக எழுதியபோது பொங்கினோம். பொங்க வேண்டியதுதான். ஆனால் கிஷோனா 2019 சீ போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கியபோது எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? 1998இல் இதே புக்கிட் ஜாலில் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கிய ஜி. சரவணனை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? கார் விபத்தில் அடிபட்டு, மறுபடி எழுந்து, ஹாங்சோ ஆசியப் போட்டியில் சுவர்ப்பந்தில் (ஸ்குவாஷ்) தங்கம் வாங்கிய சிவசங்கரியை? பதக்கம் வந்தால் நம்ம ரத்தம். அதற்கு முன்னால், பெண்பிள்ளை திடலுக்குப் போகிறேன் என்றால் டியூஷன் இருக்கிறது, வெயில் இருக்கிறது, கறுத்துப் போவாய், கால் தெரிகிற உடுப்பு, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

போன வாரம் சித்தப்பா தீனாவின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். "எங்க இனத்துப் பெண் சிங்கம்" என்று. அதற்கு மேலே, இரண்டு செய்தி தள்ளி, அதே மேசைக் கிளிப். அதையும் அவர்தான் போட்டிருந்தார். சித்தப்பா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், பிள்ளைகள் யாராவது காட்டுவார்கள். வெயிலில் நிற்காமல் எந்தச் சிங்கமும் வளரவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் உங்களைப் போல ஒருவர் இருந்திருந்தால் அவர் இன்றைக்குப் பாரிஸில் இருந்திருக்க மாட்டார். அவ்வளவுதான் சொல்வேன், நீங்கள் பெரியவர்.

மரியாதை குறைவாக எழுதிவிட்டேன் என்று இப்போதே இரண்டு பேர் உள்பெட்டியில் வருவார்கள். வாருங்கள். முதல் கேள்வி அதேதான்: படகைப் பார்த்தீர்களா?

நிறைவு விழா நம் நேரப்படி ஆகஸ்ட் 12ஆம் தேதி திங்கட்கிழமை அதிகாலை 3 மணிக்கு. காலையில் அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பிடித்தால் இந்த முறையும் படம் போடுவேன். கருத்துப் பெட்டி பூட்டியிருக்கும்.