குப்பை குப்பை என்று இன்னும் எத்தனை நாளைக்கு?

ஒரு பேச்சாளர் மேடையில் டிஎன்ஏ பற்றிப் பேசும் அந்த வீடியோவை அனுப்பிய எல்லாருக்கும் நன்றி, பார்த்தாயிற்று, இனி அனுப்ப வேண்டாம். நம் டிஎன்ஏவில் புரதம் தயாரிக்க உதவாத 98 சதவீதமும் குப்பையாம், தியானம் செய்தால் அது விழித்துக்கொள்ளுமாம். கூட்டம் கைதட்டுகிறது. தியானத்தை விடுங்கள், அது அந்தப் பேச்சாளர் பிழைப்பு. புரதத்தைத் தயாரிக்காததெல்லாம் குப்பை என்று யார் சொன்னது?

புரதம் செய்யாதது வேறு, வேலை செய்யாதது வேறு. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் காட்டியது இதைத்தான். லின்-4 என்ற ஜீனிலிருந்து வருவது வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ (டிஎன்ஏவிலிருந்து எடுக்கப்படும் நகல்), அவ்வளவுதான், புரதமே கிடையாது. அது லின்-14 என்ற இன்னொரு ஜீனின் எம்ஆர்என்ஏவில், அதாவது புரதம் செய்யும் குறிப்பைக் கொண்டுபோகும் ஆர்என்ஏவில், கடைசிப் பகுதியில் போய் ஒட்டி, அதன் புரதம் உருவாவதை அடக்குகிறது. அடக்காவிட்டால் புழு முதிராமல் சின்னப் பருவத்தையே திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கும். புழுவில் ஏதோ விசித்திரம் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். 2000இல் அதே மாதிரி லெட்-7 என்ற இன்னொரு குட்டி ஆர்என்ஏ வந்தது, பார்த்தால் மனிதனுக்குள்ளும் அதே ஆர்என்ஏ! 2024இல் இருவருக்கும் நோபல்.

எங்கள் வீட்டில் கருப்பும் செம்பட்டையும் திட்டுத்திட்டாக ஒரு பெண் பூனை இருந்தது. "யாரு இதுக்கு பெயிண்ட் அடிச்சா?" என்று அம்மா கேட்பார். அடித்தது எக்ஸிஸ்ட் என்ற நீண்ட ஆர்என்ஏ, அம்மா. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றைப் போர்த்தி மூடிவிடும். கருப்பா செம்பட்டையா என்ற குறிப்பு எக்ஸில்தான் இருக்கிறது, எந்த எக்ஸ் மூடப்படுகிறதோ அதைப் பொறுத்து நிறம். இதுவும் புரதம் செய்யாதது!

"விஞ்ஞானிகளே குப்பை என்றுதானே சொன்னார்கள்?" ஆமாம், 1972இல் சுசுமு ஓனோ என்ற மரபியலாளர் சொன்னார். டிஎன்ஏவில் பெரும்பகுதிக்கு வேலை இல்லாமலும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி என்பதும் 98 சதவீதமும் ஒன்றா?

"எளிமையாகச் சொன்னார், விடுங்களேன்." ஏன் விட வேண்டும்? எம்ஆர்என்ஏ உருவான பிறகும் அதன் மேல் எம்6ஏ என்று ஒரு சின்ன வேதிக் குறி விழுகிறது, எந்த எம்ஆர்என்ஏ சீக்கிரம் சிதைய வேண்டும் என்பதை அது மாற்றுகிறது, அந்தக் குறியை வைக்கும் மெட்டில்3 என்ற என்சைம் இல்லாவிட்டால் எலிக்கரு பிழைப்பதே இல்லை. இதையும் எளிமையாகச் சொல்லலாம், படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு மேடைக்குக் கிடைப்பது எவ்வளவு என்று தெரியாது. புழுவை வைத்து ஆராய்ச்சி செய்த எங்களுக்கு உதவித்தொகை வராத மாதங்களில் மெஸ் பில்லைக் கடன் வாங்கிக் கட்டினோம், கல்யாண வீடுகளில் "இன்னும் புழுதானா?" என்று கேட்ட மாமாக்களுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னோம். அதே மாமாதான் நேற்று இந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, "நீயும் கேளு, உன் சப்ஜெக்ட்" என்கிறார். கேட்டுவிட்டேன் மாமா. என்னை டேக் செய்யாதீர்கள்.