அசனப் பந்தியில் தனி மேசை எதற்கு?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அசனம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பிரதிஷ்டைப் பண்டிகையோ அறுப்பின் பண்டிகையோ, ஆராதனை முடிந்ததும் சபையே ஆலய வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிடும். வீடு வீடாக அரிசியும் காணிக்கையும் சேரும். முந்தின ராத்திரியே வெங்காயம் உரிக்கக் கூட்டம் உட்கார்ந்துவிடும், வாலிபர்கள் அண்டா தூக்குவார்கள், விடியும்போது கறி வாசம் தெருமுனை வரை வந்திருக்கும். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், அவ்வளவுதான். அதற்காகவே சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவு போட்டு வருகிறவர்கள் உண்டு.

இப்போது சில இடங்களில் நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய தொகை கொடுத்தவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் உள்ளே மேசை, நாற்காலி, தனிப் பரிமாறல். மற்றவர்களுக்கு டோக்கன், வரிசை, கையில் பார்சல். பார்சல் வாங்கியவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார். வயிறு நிறையும், சரி. ஆனால் அசனம் வயிற்றுக்காக மட்டுமா வைத்தோம்?

இது புதுப் பிரச்சினையும் அல்ல. ஆதிக் கிறிஸ்தவர்கள் காலத்திலேயே கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். 'நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியது அவர்களுக்குத்தான். முதலாம் கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் திருவிருந்தைப் பற்றிய 23ஆம் வசனம் முதல் நமக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் அவர் கடிந்துகொள்வதை எத்தனை பேர் வாசிக்கிறோம்? அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு சாப்பிட்ட பந்தியிலிருந்து பேதுருவே விலகினார், பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார்.

நம் மண்ணின் கதை இன்னும் கசப்பானது. தமிழ்ச் சபைகளில் சாதிக்கொரு இடம் என்று தனித்தனியாக உட்கார்ந்த காலம் இருந்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலத்த எதிர்ப்பு. 1847இல் மதுரை அமெரிக்கன் மிஷன், தன் ஊழியர்கள் எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றது. பலர் மறுத்துவிட்டார்கள். ஜெபம், பிரசங்கம், வேதபாடம் எல்லாவற்றிலும் தேறியவர்கள் ஒரு வேளைச் சோற்றில் நின்றுபோனார்கள்.

இன்றைக்கு ஆலயத்தில் திருவிருந்தின்போது ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறோம், சந்தோஷம். ஆனால் அதே சபையில் பக்கத்துத் தெருக்காரர் வீட்டில் எப்போதாவது கை நனைத்திருக்கிறோமா? கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, 'சாப்பிட்டாச்சு' என்று நழுவுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். அவர்கள் நம் அடுப்படி வரை வந்ததுண்டா? சபை ஒற்றுமைக்கென்று கூட்டம் போட்டுப் பேசுவதைவிட, மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் இதுவரை நம் வாசல்படி ஏறாத ஒரு குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிடுவது மேல் என்று உறுதியாக நம்புகிறேன். கறிதான் வேண்டுமென்றில்லை. சாம்பாரும் அப்பளமும் போதும். அப்புறம் அவர்கள் கூப்பிட்டால் நாமும் போக வேண்டும், போய் வயிறாரச் சாப்பிட வேண்டும்.

பண்டிகைக் கமிட்டியில் இருக்கிற அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். பார்சல் நடக்க முடியாதவர்களுக்கும் நோயாளிகளுக்கும் போகட்டும், அதை வாலிபர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தனி மேசையை எடுத்துவிடுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு நாற்காலி போடுங்கள், அதுவும் எல்லோரும் உட்காரும் அதே பந்தியில். போதகர் ஐயரும் கமிட்டியாரும் முதலில் வாளி பிடித்துப் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காரட்டும். அதற்குள் கறி தீர்ந்திருந்தால் பரவாயில்லை, ரசமும் சோறும் இருக்கும்.