"டிக்கெட் எடுக்கணுமா சாமி?"

போன மாதம் அம்மாவை நுவரெலியாவுக்கு டொக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது, தலவாக்கலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சரி, கார்கில்ஸுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். நான் சவர்க்காரம், பால்மா என்று எத்தனையோ முறை போய் வந்த கடைதான். அம்மா போனதில்லை. 68 வயது. டவுனுக்கு வருவார், பஸ் ஸ்டாண்டிலேயே வாங்க வேண்டியதை வாங்குவார், திரும்பிவிடுவார்.

வாசலில் நின்று கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "டிக்கெட் எடுக்கணுமா சாமி?"

காலையில் டொக்டர் வரும்வரை விக்டோரியா பார்க்கில் உட்கார்ந்திருந்தோம். அங்கே டிக்கெட் எடுத்தது மனதில் இருந்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்து இடம் என்றால் காசு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டார். அந்த நேரம் சிரித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய பிள்ளைகளுக்குக் கார்கில்ஸ் என்றால் ஃபூட் சிட்டி சுப்பர்மார்க்கெட். அது 1983-இல் தொடங்கிய கதை. வியாபாரம் தொடங்கியது 1844-இல். கோப்பிக் காலம். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்துகொண்டிருந்த அதே காலம். தோட்டம் நடத்திய வெள்ளைக்காரத் துரைமாருக்கு வேண்டிய சீமைச் சாமான் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்த இடம். கொழும்புக் கோட்டை யோர்க் வீதியில் நிற்கிற சிவப்புக் கட்டடம் 1906-இல் எழும்பியது. எட்வர்ட் ஸ்கின்னர் என்கிற கட்டடக் கலைஞர் வரைந்தது. லிப்டன் சுற்றுவட்டத்துப் பழைய கண்ணாஸ்பத்திரியும் அவர் வரைந்ததுதான். கொழும்பில் வேலை செய்த காலத்தில் மழை வந்தால் அந்தக் கடையின் வளைவுத் தாழ்வாரத்துக்குள் ஒதுங்குவேன். குடை இல்லாதவனுக்கு அதைவிட நல்ல கட்டடக் கலை கிடையாது.

எங்கள் வீட்டுக்குக் கார்கில்ஸ் என்ற பெயர் நான் கொழும்புக்குப் போவதற்கு முன்பே தெரியும். தாத்தா தோட்டத்தில் தப்பால்காரர். பங்களாக் கடிதங்களை டவுனுக்குக் கொண்டுபோய், திரும்பும்போது துரைக்குக் கார்கில்ஸிலிருந்து வந்த பெட்டியைத் தலையில் வைத்து மலை ஏறுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கனம் மட்டும் தெரியும். துரை ஒருமுறை வெறும் பெட்டியைக் கொடுக்க, அதன் பலகையைக் கழற்றி லயத்துக் காம்பிராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் எங்களுக்கு இருந்த அறையில், சாமித் தட்டாக அடித்தார். முருகன் படத்துக்குக் கீழே கறுப்பு மையில் நாலு இங்கிலீஷ் எழுத்து: ஜி, ஐ, எல், எல். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷ் அதுதான். அம்மா வருடக்கணக்காக அதன் மேல்தான் விளக்கு வைத்தார்.

உள்ளே போனோம். மற்றதெல்லாம் பார்த்தபடியே நடந்தவர், தேயிலைத் தட்டின் முன்னால் நின்றுவிட்டார். பச்சை நிறப் பெட்டி ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்துக் குலுக்கினார். "இது பெரிய இலை. நமக்குத் தர்றது சல்லடைக்கு அடியில விழுறது." முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்த காது. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்தாவது வேண்டும் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்குச் சத்தத்திலேயே தெரிகிறது. விலையை மட்டும் நான் படித்துக் காட்டவில்லை.

இப்போது என் கருத்து. "அருமையான பழைய கடை, ஃபூட் சிட்டி ஆக்கிக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. குளிர்பெட்டியும் குழல் விளக்கும் அந்த அழகுக்குப் பொருந்தவில்லையாம். பொருந்தாதுதான். ஆனால் அந்தக் கட்டடங்களுக்கு நடந்ததிலேயே நல்ல காரியம் பருப்பு அங்கே வந்ததுதான் என்பேன். கதவைத் தள்ளினால் போதும், யாரும் எதுவும் கேட்பதில்லை. கொழும்பில் ஒரு புது மோல், பெயர் வேண்டாம். எங்களுக்கு முன்னால் போனவர்களை விட்டுவிட்டு அம்மாவின் பையை மட்டும் திறந்து பார்த்தார்கள். பளிங்குத் தரை பளபளவென்றுதான் இருந்தது.

பழையதைக் காப்பதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1973-இல் மூடப்பட்டு, 1996-இல் ஹோட்டலாகத் திறந்தது. வேலையில் குறை சொல்ல மாட்டேன். இயந்திரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்காமல் வைத்திருக்கிறார்கள், கொழுந்து வாட்டிய மாடிகளை அறைகளாக்கியிருக்கிறார்கள். அழகு. ஆனால் கொழுந்து வாட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த அறையில் ஒரு இரவு தூங்க முடியும்? ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு 2021 வரை காத்திருந்த சனம் நாங்கள். அங்கே அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன்.

"அப்படியென்றால் லயத்தையும் மரபுரிமையாக்கலாமே" என்று ஒருவர் கேட்டார். கமராவோடு வருகிறவர்களுக்கு லயம் மிகவும் பிடிக்கிறது. தகரத்தில் காய்கிற சட்டைகள், வாசலில் கோழி, நல்ல படம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஏழு பேர் படுத்தவன் சொல்கிறேன், இடியுங்கள். நினைவுக்கு ஒன்று போதும். கம்பளைப் பக்கம் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தை 2007-இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், கங்காணியின் பொருளும் கவ்வாத்துக் கத்தியும் பார்க்கட்டும். மற்ற லயங்களில் இருக்கிறவர்களுக்குக் காணியும் வீடும் கொடுங்கள். எதைக் காப்பது என்று யோசிக்கும்போது அதற்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டாமா?

அம்மா கடைசியில் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பிஸ்கட் பக்கட் எடுத்தார். பில் போட்ட தம்பி தமிழில் "எந்தத் தோட்டம் அம்மா?" என்று கேட்டதும்தான் முகம் விரிந்தது. அவனுடைய ஊர், இவருடைய சொந்தம், யாரோ ஒரு பெரியப்பா என்று பேச்சு நீண்டது, பின்னால் வரிசையும் நீண்டது. நான் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். அம்மா நகரவில்லை.

"தம்பி, வெறும் பெட்டி ஒண்ணு இருக்குமா?"

உள்ளே போய் ஒரு காட்போர்ட் பெட்டி கொண்டுவந்து கொடுத்தான், நல்ல கெட்டியானது. எதற்கு என்று கேட்டேன். அடை வைக்கக் கோழிக்கு என்றார். பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவேயில்லை. நானுஓயாவுக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் சேலைத் தலைப்பை எடுத்து, தன் தலைக்குப் போடாமல் பெட்டிக்குப் போட்டார்.