அந்த ஐந்து வோல்ட்டை ஏன் யாருமே அளக்கவில்லை?

என் வண்டியின் ஈசிஎம், அதாவது இன்ஜினை ஆட்டுவிக்கும் கணினிப் பெட்டி, நன்றாகத்தான் இருந்தது. அது செத்துவிட்டது என்று சொல்லி, 52,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, புதியது ஒன்றைப் பொருத்தியும் அனுப்பிவிட்டார்கள். கழற்றிய பழைய பெட்டி இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு அலமாரியில், செய்தித்தாள் சுற்றி, ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. மார்ச் மாதத்தில், காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் பூ மழை விழுந்ததா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு மலை ஏறினேன். வண்டி 2019ஆம் ஆண்டு வாங்கிய டீசல் வண்டி. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வரை எந்தக் குறையும் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்காவதில், முதல் கியரில், முன்னால் ஒரு பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தபோது, இன்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. சமதளத்தில் இன்ஜின் நிற்பது வேறு, கொண்டை ஊசி வளைவின் நடுவில் நிற்பது வேறு. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவம் இரண்டு மிதிக்கு மேல் தாங்காது. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த ஒரு இளைஞரைக் கெஞ்சிச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னேன். வரிசையாக நின்ற சுற்றுலா வண்டிகள் ஹாரன் அடித்தன, குரங்குகள் பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்தன, அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல இன்ஜின் உயிர் பெற்றது.

மறுநாள் காலையில் சேலத்தில் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே நடந்த சோதனை எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினார்கள். மூன்று ஃபால்ட் கோடுகள், அதாவது பழுதைக் குறிக்கும் எண்கள், வந்தன. இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சாரின் சிக்னல் குறைவு என்று ஒன்று, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாருக்கு ஒன்று, மூன்றாவதாக பி0642. சர்வீஸ் அட்வைசர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மூணு கோடும் ஒண்ணா வந்திருக்குங்க சார், ஈசிஎம் போயிருச்சுங்க" என்றார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் என்ற ஒரு கருவி அந்தக் கட்டடத்தில் இருப்பதற்கான அடையாளமே தெரியவில்லை.

அந்த மூன்றாவது கோடு என்ன சொல்கிறது என்பதை, பணத்தைக் கொடுத்து ஏமாந்த பிறகுதான் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். சென்சார்கள் வேலை செய்வதற்காக ஈசிஎம் தன்னிடமிருந்து ஐந்து வோல்ட் மின்சாரத்தை ஒரு பொது இணைப்பின் வழியாகப் பல சென்சார்களுக்கும் கொடுக்கிறது. அந்த ஐந்து வோல்ட் இறங்கிவிட்டது என்பதுதான் பி0642. ஏன் இறங்கியது என்பதை அது சொல்வதில்லை, அதற்கான தெம்பும் அதற்கு இல்லை. கொடுக்கிற ஈசிஎம்மே பழுதாகி இருக்கலாம். அல்லது அந்த இணைப்பில் தொங்கும் ஏதாவது ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியோ, ஒயர் உரசி எர்த்தைத் தொட்டோ, மொத்த மின்னழுத்தத்தையும் கீழே இழுத்திருக்கலாம். தெருவில் ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் எல்லா வீட்டிலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருமே, அதுபோல ஒரு சென்சார் கெட்டால் அதனுடன் சேர்ந்திருக்கும் நல்ல சென்சார்களும் கெட்டவைபோலக் கோடு காட்டும். எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வேலைதான் செய்ய வேண்டும். ஐந்து வோல்ட் பின்னில் மீட்டரை வைத்துக்கொண்டு, சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் ஐந்து வோல்ட் திரும்ப வருகிறதோ, அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றி, ஒயரையும் பிரித்துப் பார்த்த பிறகும் திரும்பவில்லை என்றால் மட்டுமே ஈசிஎம்மின் மேல் கை வைக்கலாம். பேட்டரியையும் எர்த்தையும் பார்ப்பது அதற்கும் முந்தைய வேலை.

இதில் எதையும் செய்யாமல் முழுப் பணத்தையும் அட்வான்ஸாக வாங்கிக்கொண்டார்கள். பதினொரு நாள் கழித்துப் பெட்டி வந்தது. வந்தது வெறும் பெட்டி. அதற்குள் இந்த வண்டிக்கு உரிய மென்பொருளை ஏற்ற வேண்டும், சேசிஸ் எண்ணை எழுத வேண்டும், சாவியை இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டோடு பழக்க வேண்டும். சர்வர் கிடைக்கவில்லை என்று இரண்டு நாள் போயிற்று. சாவியை அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று இன்னொரு நாள். வண்டியை வாங்கி வந்தால், நின்ற இடத்தில் இன்ஜின் நெல் அரைக்கும் மில்போலக் கடகடக்கிறது. டீசல் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீடு அச்சிட்டிருப்பார்கள். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு கூடவோ குறையவோ தெளிக்கிறது என்பதை அதைக்கொண்டுதான் ஈசிஎம் சரிசெய்துகொள்ளும். புதிய பெட்டியில் அந்த நான்கு குறியீடுகளையும் ஏற்ற மறந்துவிட்டார்கள். மீண்டும் ஒரு நாள், மீண்டும் அதே சோபா, மீண்டும் அதே ஆறிய காப்பி. ஏற்காட்டுக் காப்பி விளையும் ஊருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அந்தத் தூள் கலக்கிய வெந்நீரைக் குடிப்பது தனிக் கொடுமை.

ஏப்ரல் மாதக் கடைசியில் மறுபடி மலை ஏறினேன். இந்த முறை பதினாறாவது வளைவு.

டோ வண்டியில் கட்டி இழுத்து வந்து, இனி யாரும் என்னிடம் ஸ்கேனரைக் காட்டக்கூடாது என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டதற்காக வருத்தப்படவில்லை. மதிய உணவு நேரத்தில், அங்கே வேலை செய்யும் ஒரு பையன், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது, தன்னுடைய சொந்த மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தான். கனெக்டரின் பின்புறத்திலிருந்து ஒயரோடு ஒட்டி ஒரு குண்டூசியை நுழைத்து அதில் மீட்டரை மாட்டினான். 4.98 காட்டியது. ஏசியைப் போட்டு, பானட்டைத் தாழ்த்தி, சித்திரை வெயிலில் இன்ஜினை ஓடவிட்டான். சூடானால்தானே நிற்கிறது என்று நான் இரண்டு முறையும் சொல்லியிருந்தேன், ஆனால் குளிர்ந்த வண்டியைத்தான் இவர்கள் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடத்தில் இன்ஜின் நின்றது, மீட்டர் 1.2க்கு விழுந்தது. சாவியை ஆன் நிலையிலேயே விட்டுவிட்டு ரயில் பிரஷர் சென்சாரைக் கழற்றினான், 1.2. பூஸ்ட் சென்சாரைக் கழற்றினான், 1.2. கண்டென்சருக்குப் பக்கத்தில், ஏசிக் குழாயில் கட்டைவிரல் அளவுக்கு இருந்த பிரஷர் சென்சாரைக் கழற்றினான். 4.98. மறுபடி சொருகினான், 1.2. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில்தான்.

"இதைப் போன தடவையே பாத்திருக்கலாங்க சார். ஜாப் கார்டுல இதுக்கெல்லாம் நேரம் போட மாட்டாங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். ஜாப் கார்டு என்பது வண்டிக்குச் செய்யும் வேலைகளை எழுதும் தாள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. பாகம் மாற்றினால் பில் உண்டு, மாற்றியதற்குக் கூலி உண்டு. அரை மணி நேரம் நின்று அளந்து, எதுவும் மாற்றத் தேவையில்லை என்று கண்டுபிடித்தால் அதற்குக் கணக்கே இல்லை. ஆகவே ஊகிக்கிறார்கள், என் பணத்தை வைத்து ஊகிக்கிறார்கள். ஊகம் தவறினால் நட்டம் எனக்கு. அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் நான்கு நிமிடத்தில் தீர்ப்பு எழுதியவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதிய ஏசி சென்சாரின் விலை 1,850 ரூபாய். அதையும் பில்லில் போட்டார்கள். ஈசிஎம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மின் பாகங்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்ததை மேலாளர் விரலால் சுட்டிக் காட்டினார். ஸ்கேனர் சொன்னதைத்தான் செய்தோம் என்றார். ஈசிஎம்மை மாற்று என்று எந்த ஸ்கேனர் சொன்னது, எந்த வரியில் சொன்னது என்று கேட்டேன். அடுத்த வாடிக்கையாளர் காத்திருப்பதாகச் சொன்னார்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் கொடுப்பதற்கான புகாரை எழுதி முடித்துவிட்டேன். என்னுடையது போன்ற 5 லட்சத்துக்குக் குறைந்த தொகைக்குக் கட்டணம்கூட இல்லை. நேற்று மேலாளரே போனில் அழைத்து, என் மனக்குறையைப் போக்குவதற்காக அடுத்த முறை வாட்டர் வாஷ் இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னார். வண்டியை நானே வாசலில் நிறுத்திக் கழுவிக்கொள்கிறேன். மார்ச் மாத ஜாப் கார்டில், அந்த ஐந்து வோல்ட் பின்னில் எவ்வளவு இருந்தது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.