அந்த ஊசிகளைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

2023 செப்டம்பரில் தில்லி ஜவஹர்லால் நேரு அரங்கில் நடந்த மாநிலத் தடகளப் போட்டியின் செய்தியை நேற்று நண்பர் ஒருவர் மீண்டும் பகிர்ந்திருந்தார். ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்திருப்பது தெரிந்ததும் பலர் களத்துக்கே வராமல் போக, ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் ஓடினார்; கழிவறையில் ஊசிகள் கிடந்தன. பதிவின் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வலித்தது.

"இது என்ன ஒலிம்பிக்கா, இதற்குமா ஊசி?" என்று கேட்கிறீர்கள். ஒலிம்பிக் இல்லை என்பதால்தான். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது பதக்கம் அல்ல, சான்றிதழ். ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, கல்லூரியில் ஓர் இடம் என்று வீட்டின் நிலையையே மாற்றக்கூடிய எல்லாமே அந்தச் சான்றிதழில் தொங்குகின்றன. மூன்றாவதாக வந்தவனுக்கு அது உண்டு. நூலிழையில் நான்காவதாக வந்தவனுக்கு ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். என்ன செய்தும் 51 விநாடிக்குக் கீழே வர முடியவில்லை. மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது, உடற்பயிற்சிக் கூடத்தில் பழகிய அண்ணன் ஒருவர் ஒரு குப்பியைக் காட்டி, "எல்லாரும் போடுறதுதான் தம்பி, சத்து ஊசி" என்றார். விலை 1,800 ரூபாய். ஸ்பைக்ஸ் என்ற ஓட்டக் காலணி வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். விசைத்தறிக் கூலியில் நடந்த வீடு எங்களுடையது. அம்மா இரண்டு இடங்களில் கடன் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல் திரும்பி வந்தார். நான் தப்பியது ஒழுக்கத்தால் அல்ல, கடன் கிடைக்காததால்.

நியாயப்படுத்துகிறேன் என்பீர்கள். இல்லை. பிடிபட்டால் நான்காண்டு வரை தடை என்பது சரியான தண்டனைதான். வறுமையிலும் ஊசியைத் தொடாதவர்கள் ஆயிரம் பேர் உண்டு என்பதும் உண்மை. ஆனால் நேர்மையாக ஓடி நான்காவதாக வந்தவனுக்கு என்ன பதில் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவனுடைய இழப்பு இந்தப் பதிவில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெரியது.

என் கோபம் வேறிடத்தில் இருக்கிறது. 2022இல் இந்தியாவில் சோதித்த 3,865 மாதிரிகளில் 125இல் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாக உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை கணக்குக் காட்டியது. பிடிபட்ட வீரர்களின் பெயர்கள் ஊரறிய வெளியாகின்றன. குப்பியை நீட்டிய அண்ணன்களின் பெயர்களை எங்கே பார்த்தீர்கள்? சிறுநீரக நோயாளியின் இரத்தசோகைக்குத் தரும் எரித்ரோபொய்டின் நல்ல உடலில் இரத்தத்தைத் தடிக்கச் செய்யும், வளரும் வயதில் ஸ்டீராய்டு போட்டால் எலும்பு வளர்ச்சியே நின்றுவிடலாம் என்று என் பதினேழு வயதில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. "சத்து ஊசி" என்று மட்டும் சொன்னார்கள்.

போன பொங்கலுக்கு அம்மா என் மகனுக்கு ஓட்டக் காலணி வாங்கித் தந்தார். அதை அவன் காலில் மாட்டிவிட்டபடி, "உங்கப்பனுக்குத்தான் அன்னைக்கு வாங்கிக் குடுக்க முடியல கண்ணு" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.