பவானிக்கும் குமாரபாளையத்துக்கும் ஒரு கபடி நாவல் வேண்டும்

விளையாட்டை வைத்து எழுதப்படும் கதைகளில் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் நம் ஊர்ப் பையன் ஜெயிப்பான், தோளில் தூக்கி வைத்து ஆடுவார்கள், கதை முடிந்துவிடும். தோற்ற ஊர் என்ன ஆனது? அந்த ஊர்க்காரர்கள் மறுநாள் காலை எந்த முகத்தோடு வேலைக்குப் போனார்கள்? அதைச் சொல்லும் நாவலுக்குத்தான் நான் ஏங்குகிறேன். அதற்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

காவிரியின் மேற்குக் கரையில் பவானி, கிழக்குக் கரையில் குமாரபாளையம். நடுவில் பாலம். இந்தப் பக்கம் ஜமக்காளம், அந்தப் பக்கம் விசைத்தறி. 1979 வரை இது கோயம்புத்தூர் மாவட்டம், அது சேலம் மாவட்டம். இன்று இது ஈரோடு, அது நாமக்கல். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கூலிக்குப் போவதும் கூடுதுறையில் திதி கொடுப்பதும் சேர்ந்தேதான் நடக்கின்றன. மாவட்டக் கபடி அணிக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் ஆறு குறுக்கே வந்துவிடும். ஒரே பட்டறையில் அடுத்தடுத்த தறியில் நிற்பவர்கள் களத்தில் எதிரெதிரே நிற்பார்கள்.

எங்கள் வீட்டுக்குள்ளேயே அந்தக் கோடு கிழிபட்டிருந்தது. அம்மா குமாரபாளையத்தில் பிறந்து பவானிக்கு வாக்கப்பட்டவர். மாமா அந்த ஊர் அணிக்காக எதிரணிக் களத்துக்குள் பாடிப் போவார். சித்தப்பா இந்த ஊர் அணியில் ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர். ஒரு கோடைகால மின்னொளி கபடிப் போட்டியில், டியூப் லைட் வெளிச்சத்தில், மாமா போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டிய அந்த நொடியில் சித்தப்பா கணுக்காலைக் கவ்வினார். மேலே நான்கு பேர் விழுந்தார்கள். எல்லோரும் எழுந்த பிறகும் மாமா எழவில்லை. முழங்கால் திரும்பியிருந்தது. பவானி ஜெயித்தது.

சித்தப்பா சுழற்கோப்பையோடு வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டார், ரசம் ஊற்றினார். எப்போதும் சொல்லும் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் தம்பி" மட்டும் அன்று வரவில்லை. சித்தப்பா இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தார். கோப்பை திண்ணையிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் விடிவதற்குள் சித்தப்பா பாலத்தைத் தாண்டிப் போனார். தறி நின்றால் கூலி இல்லை. மாமா ஓட்டி வந்த நான்கு தறிகளும் நின்றிருந்தன. திண்ணையில் இருந்த அப்புச்சி, அம்மாவின் அப்பா, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பட்டறைக்குள் போய் அன்று முழுவதும் மாமாவின் தறிகளைச் சித்தப்பா ஓட்டினார். அதன் பிறகும் பல நாள் போனார். மாமா அவரோடு பேச ஆடி பிறந்துவிட்டது.

கபடியில் ஓர் அருமையான விதி இருக்கிறது. வெளியேறிய ஆட்டக்காரர், தன் அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால் மறுபடி உள்ளே வரலாம். மாமா மறுபடி களத்தில் இறங்கவேயில்லை. சித்தப்பாவும் அடுத்த ஆண்டோடு ஆட்டத்தை விட்டுவிட்டார். ஒரு நாவலாசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

2014இல் புரோ கபடி வந்த பிறகு ஆட்டத்துக்குப் பெயரும் பணமும் வந்திருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் தொலைக்காட்சியில் ஆடும் அணிக்கு மறுநாள் காலை கடக்க வேண்டிய பாலம் இல்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளிவந்த 'நாகம்மாள்' நாவலில், ஒரு வீட்டுச் சொத்தைப் பிரிக்கச் சொல்லும் சண்டையை வைத்தே ஒரு கொங்குக் கிராமத்தை முழுதாகக் காட்டிவிட்டார். ஆட்டக்களமும் அப்படி ஒரு பாகப்பிரிவினைதான். ஏழு பேர் இந்தப் பக்கம், ஏழு பேர் அந்தப் பக்கம், நடுவே சுண்ணாம்புக் கோடு.

எழுதப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஊரையும் வில்லனாக்காதீர்கள். கதையைக் களத்திலிருந்து சொல்லாதீர்கள், மொட்டை மாடியிலிருந்து சொல்லுங்கள். அந்தக் காலத்தில் இரவு ஆட்டத்துக்குப் பெண்களை யாரும் அழைத்துப் போகவில்லை. மைக் செட் சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்கும். அம்மா மாடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா பெயரைச் சொன்னபோதும் சித்தப்பா பெயரைச் சொன்னபோதும் சேலை முந்தானையை ஒரே மாதிரித்தான் இறுக்கிப் பிடித்தார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான் பார்த்தேன்.