அந்த மாணவி யாருடைய உதவியும் இல்லாமல் படித்தாள் என்று சொல்லாதீர்கள்

நீலகிரி மாவட்டம் கூடலூரில் கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த பாராட்டு விழாவின் காணொளியை இந்நேரம் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற தோட்டத் தொழிலாளியின் மகளுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுச் சிறப்பு விருந்தினர் பேசிய பேச்சைத்தான் சொல்கிறேன். "யாருடைய உதவியும் இல்லாமல், எந்தச் சலுகையும் கேட்காமல், உழைப்பு ஒன்றாலேயே வந்த பிள்ளை இவள். ஏற்றத்தாழ்வு என்று புலம்புகிறவர்கள் இவளைப் பார்த்துத் திருந்த வேண்டும்" என்றார். அரங்கம் கைதட்டியது. யாருடைய உதவியும் இல்லாமல் வந்தாள் என்பது சரியில்லை என்று அந்தக் காணொளியின் கீழே நான் சில வரிகள் எழுதினேன். உடனே வந்த மறுமொழிகளில் ஒன்று, "டீச்சருக்குப் பொறாமை" என்றது. அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த மாணவியின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அவள் எங்கள் பிள்ளை. அவள் படித்த படிப்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்த உழைப்பு வீணாகப் போகாமல் பலித்ததற்குப் பொதுப்பணம் ஒரு பெரிய காரணம். அவள் சின்ன வயதில் உட்கார்ந்திருந்தது அங்கன்வாடியில். மதியம் சாப்பிட்டது 1982ஆம் ஆண்டு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் சோறு. புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் அரசு கொடுத்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இத்தனையும் மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "யாருடைய உதவியும் இல்லாமல்" என்று சொன்னதுதான் என்னை வருத்துகிறது.

பேசியவர் நல்ல எண்ணத்தில்தானே பேசினார், ஒரு பாராட்டு விழாவில் இதையெல்லாமா கணக்குப் பார்ப்பது என்று இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். பாராட்டோடு நிறுத்தியிருந்தால் நான் ஒரு சொல்லும் எழுதியிருக்க மாட்டேன். அவர் அவளைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. அவளைக் காட்டி மற்றவர்களைக் கண்டித்தார். அவளால் முடிந்தது என்றால் உங்களால் ஏன் முடியவில்லை என்று அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த பிற தோட்டத்துப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கேட்டார். அவர்களில் பலரை எனக்குத் தெரியும். ஏன் முடியவில்லை என்பதும் தெரியும்.

பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் நாள் எப்படிப் போகிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யானை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டிலிருந்து தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கி மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். யானை பாதையில் நின்றால் அன்று பேருந்து போய்விடும். முதல் பாடவேளையும் போய்விடும். மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கலாம் என்று நாங்கள் ஆசைப்பட்டால், இருட்டுவதற்குள் பிள்ளை வீடு போய்ச் சேர வேண்டும் என்று தாய்மார்கள் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் பயப்படுவது நியாயம். இந்தப் பகுதியில் யானை தாக்கி இறந்தவர்களின் வீடு இல்லாத ஊர் குறைவு. தேவாலாவில் ஆடி மழை பிடித்தால் கரண்ட் போய்விடும், பள்ளிக்கு விடுமுறை விட்டுக்கொண்டே இருப்பார்கள். கோயம்புத்தூரில் அதே நீட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இரவு ஒன்பது மணி வரை பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் வினாத்தாள் ஒன்றுதான்.

விழா நாயகியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிரியலில் அவளுக்கு இணையாக மதிப்பெண் வாங்கியவள். தவளையின் இதயத்தைப் படம் வரையச் சொன்னால், அறைகளைப் பிரிக்கும் சுவரைக்கூட ஒரே கோட்டில் பிசிறில்லாமல் வரைந்து காட்டுவாள். பொதுத்தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பு அவள் தந்தை சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். தாய் கொழுந்து பறிக்கப் போனால்தான் அடுப்பெரியும். தந்தையை யார் பார்ப்பது? இவள் பார்த்தாள். தேர்வு எழுதினாள், தேறினாள், நீட் எழுதவில்லை. இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் மடிக்கிறாள். அவள் உழைக்கவில்லையா? சிறப்பு விருந்தினர் அவளைப் பார்த்து எந்த இடத்தில் திருந்தச் சொல்வார்?

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். ஒரு பிள்ளை மேலே வந்ததைக் காட்டி வழி திறந்திருக்கிறது என்று நிறுவ முடியாது. பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. 2018ஆம் ஆண்டு ஒரு கணக்குப் போட்டது. வருமானத்தில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருக்கும் ஒரு குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட எத்தனை தலைமுறை ஆகும் என்ற கணக்கு. டென்மார்க்கில் இரண்டு, இந்தியாவில் ஏழு. உலகப் பொருளாதார மன்றம் 2020இல் வெளியிட்ட சமூக ஏற்றக் குறியீட்டில் 82 நாடுகளில் இந்தியா 76ஆவது இடத்தில் இருந்தது. ஏழு தலைமுறை என்று படித்தபோது நான் என் வீட்டை எண்ணிப் பார்த்தேன். என் பாட்டியின் தாய் இலங்கையில் தேயிலை பறித்தார். பாட்டி பறித்தார். அம்மா அங்கே பறிக்கத் தொடங்கி இங்கே வந்து பறித்தார். நான் பறிக்கவில்லை. என் திறமைதான் அதற்குக் காரணம் என்று யாராவது சொன்னால் என் பாட்டியை அவமதிப்பதாகவே எடுத்துக்கொள்வேன். அவருக்கு என்னைவிட நல்ல மூளை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது; எங்களிடம் கேட்காமல் எங்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அவர்களில் ஒரு பகுதியினர் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு 1968இல் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது.

என் பெற்றோர் வேலை பார்த்தது வேறு தோட்டம். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. எங்களிடம் இருந்தது தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை மட்டும். மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோய், பிளாஸ்டிக் உறைக்குள் அம்மா வைத்திருந்தார். சம்பளத்தை விட்டுவிட்டு அம்மா என்னை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் அம்மாவைவிட வயதில் மிக இளையவர். அட்டையை விரல் நுனியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் பாட்டன் ஊரு எது? அங்க போய் வாங்கிட்டு வா" என்றார். அம்மா, "அவங்க போயி நூறு வருசம் ஆச்சுங்க ஐயா, எனக்கு அந்த ஊரு தெரியாதுங்க" என்றார். "ஊரே தெரியாதவளுக்கு என்னத்தைச் சான்றிதழ் குடுக்கிறது?" என்று அவர் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பல முறை அலைந்த பிறகு, எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் நேரில் வந்து பேசியதால் சான்றிதழ் கிடைத்தது. அவர் வந்திருக்காவிட்டால் நான் இன்று ஆசிரியை இல்லை. தலைமையாசிரியர் அப்படி வந்து நிற்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை யார் எண்ணினார்கள்?

இனி வரி விஷயத்துக்கு வருகிறேன். "நாங்கள் கட்டும் வரியில் உங்களுக்கு எல்லாம் இலவசம், அதற்கு நன்றி இல்லையா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, வருமான வரி மட்டும்தான் வரி என்று யார் சொன்னார்கள்? 2017இல் ஜி.எஸ்.டி. வந்த காலத்திலிருந்து 2025 செப்டம்பர் வரை கொழுந்து பறிக்கிற பெண் வாங்கிய சோப்புக்கும் பற்பசைக்கும் 18 சதவீத வரி. நீங்கள் வாங்கினாலும் அதே 18 சதவீதம்தான். அவள் கூலியில் அது எவ்வளவு, உங்கள் சம்பளத்தில் எவ்வளவு என்று பார்த்தால் யார் கனமாகக் கட்டினார்கள் என்பது புரியும். இன்னொரு பக்கம், வாரிசுச் சொத்துக்கான எஸ்டேட் வரியை 1985இல் எடுத்தார்கள். செல்வ வரியை 2015இல் எடுத்தார்கள். 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று ஒன்றிய அரசே சொன்னது. அப்போது யாரும் இலவசம் என்று பேசவில்லை. நிறுவனங்கள் சோம்பேறி ஆகிவிடும் என்று எந்த மேடையிலும் யாரும் கவலைப்படவில்லை. 2022-23இல் நாட்டின் மொத்தச் செல்வத்தில் 40 சதவீதம் மேலிருக்கும் ஒரு சதவீதத்தினரிடம் இருந்தது என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்கிட்டிருக்கிறது. மதியச் சோறு மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறதா?

அரசுத் திட்டங்கள் எல்லாமே சரியா என்று கேட்டால், இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மிதிவண்டியை எங்கள் ஏற்றத்தில் யாரும் ஓட்ட முடியாது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021 மே மாதம் வந்தது. அது சாதாரண நகரப் பேருந்துகளுக்கு என்று வகுக்கப்பட்டதால் மலைப்பகுதிப் பெண்கள் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமவெளியை மனத்தில் வைத்துத் திட்டம் போடுகிறார்கள் என்பதுதான் என் குறை. அந்தக் குறையைத் திருத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். அதைக் காரணம் காட்டித் திட்டத்தையே நிறுத்தச் சொல்பவர்களோடு நான் இல்லை.

உழைத்தால் உயரலாம் என்று மறுபடியும் எழுதப்போகிறவர்கள், தோட்டத்தில் வீடு யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அது அந்தக் காலத்தில் பெரிய காரியம். ஆனால் வேலை இருக்கும் வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆயுள் முழுதும் கூடை சுமந்தவருக்குத் தன் பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எனவே வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வேண்டியிருக்கிறது. எந்தப் பிள்ளை படிப்பை விட வேண்டும் என்று இரவில் குடும்பம் கூடிப் பேசுவதை நான் கண்டிருக்கிறேன். என் வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்தது. என் அண்ணன் பேர் பதிந்தான். அதனால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அவன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். கவாத்துக் கத்தி பிடித்துத் தோல் உரிந்த அவன் கையைப் பார்த்துக்கொண்டு, நான் உழைப்பால் உயர்ந்தேன் என்று எப்படிச் சொல்வேன்?

தோட்டத்தை விட்டு வெளியே வந்து குடியேறியவர்களின் நிலையும் அதிகம் மேலில்லை. ஜென்மம் என்ற பழைய பரம்பரை நில உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில், குத்தகை நிலங்கள் பற்றிய 17ஆவது பிரிவில் சிக்கி வழக்கில் கிடக்கும் நிலங்களில் பட்டா இல்லாமல் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. பட்டா இல்லை என்பதால் மின் இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் அலைந்த வீடுகள் எங்கள் பள்ளி எல்லைக்குள் இருக்கின்றன. வங்கியில் அடமானம் வைக்க அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை. இந்த வழக்கும் சட்டமும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் உழைப்பால் தீரக்கூடியவையா? அரசு தீர்க்க வேண்டியவை இவை. அரசு தீர்க்கட்டும் என்று கேட்பதற்குப் பெயர் புலம்பல் என்றால், நான் புலம்புகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பொறாமை என்று எழுதிய தம்பிக்கு: நீ ஏழாம் வகுப்பில் காய்ச்சலோடு வந்தபோது உன்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி. அங்கே உனக்கு ஊசி போட்ட செவிலியருக்குச் சம்பளம் கொடுத்தது பொதுப்பணம். நீ ஒரு காசும் தரவில்லை. அதற்காக நீ வெட்கப்பட வேண்டியதில்லை. அது உன் உரிமை. உனக்குப் பின்னால் வருகிற பிள்ளைக்கு அதே உரிமையைக் கேட்கும்போது என் மேல் ஏன் கோபம் வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உன் சொல் என்னைக் காயப்படுத்தியது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

சிறப்பு விருந்தினரும் விழாக் குழுவினரும் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று தெரியும். பந்தலூரிலிருந்து எங்கள் தோட்டங்களின் பக்கம் மாலை சிறப்பு வகுப்பு முடிந்த பிறகு புறப்படும்படி ஒரு அரசுப் பேருந்தும், லைன் வீடுகள் வரை தெருவிளக்கும் கேட்டு, பெற்றோர்கள் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கு மனு தயாராகிறது. அந்த மாணவியின் தாயும் திருப்பூருக்குப் போன பெண்ணின் தாயும் முதலில் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். மனு பள்ளியில் இருக்கிறது. மேடையில் இருந்த பெரியவர்களும் வந்து கையெழுத்துப் போடுங்கள்.